மறு: 'நிரந்தர வேதிப்பொருள்' சரியா? வேறு சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

ஃபுளூரின் ஏறிய, எளிதில் சிதையாத பிஃபாஸ் (PFAS) வேதிப்பொருள்களை ஆங்கிலத்தில் 'Forever Chemicals' என்கிறார்கள். அவற்றைப் பற்றி முதலீட்டாளர்களுக்கான கட்டுரை ஒன்றைத் தமிழாக்கும்போது, அந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வந்த சந்தேகத்தை இங்கே போட்டேன். மூன்று நாளில் ஒரு கூடை சொற்கள் வந்துவிட்டன, நன்றி. முக்கியமானவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

> 'நிரந்தர வேதிப்பொருள்' என்று எழுதிப் பழகிவிட்டது. ஏன் மாற்ற வேண்டும்?

பணத்தைப் பற்றிய கட்டுரையில் அது தப்பாக ஒலிக்கிறது. நிரந்தர வைப்பு, நிரந்தர வருமானம், நிரந்தர வேலை என்று நம்மூரில் நிரந்தரமானதெல்லாம் நல்லது. வரைவைப் படித்த என் சித்தப்பா, "நிரந்தர வேதிப்பொருள் கம்பெனின்னா நல்ல பங்குதானே, வாங்கிப் போடலாமா?" என்றார். 'அழியா' என்றால் புகழ் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'சாகா' என்றால் வரம்.

ஆங்கிலப் பெயரும் பழையதல்ல. ஹார்வர்டு பேராசிரியர் ஜோசப் ஆலன் 2018இல் வாஷிங்டன் போஸ்ட் கட்டுரையில் வைத்தது. ஃபுளூரின், கார்பன் இரண்டின் குறியீட்டு எழுத்துகளே அந்த இரண்டு சொற்களுக்கும் முதலெழுத்தாக வரும். அந்தச் சிலேடை தமிழில் வராது, விட்டுவிடலாம்.

நான் முதலில் 'மக்கா வேதிப்பொருள்' என்றேன். தெருவில் குப்பை வண்டி வந்தால் "மக்குறதா, மக்காததா?" என்றுதான் கேட்கிறார்கள், விளக்கமே தேவையில்லாத சொல். ஆனால் 'மக்கா' என்றால் ஹஜ் நினைவுக்கு வருகிறது என்று ஒருவரும், நாகர்கோவிலில் அது நண்பனைக் கூப்பிடுவது என்று இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 'மக்காத வேதிப்பொருள்' என்று முழுதாகவே எழுதிவிடுவோம்.

> கண்ணாடியும் மக்காது. வரையறை இல்லாத சொல் சட்டத்துக்கு ஆகுமா?

ஆகாது. சட்டத்துக்கு 'பிஃபாஸ்' என்றே இருக்கட்டும். 2023 ஜனவரியில் டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகள் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் கொடுத்த தடை முன்மொழிவு, மக்குமா மக்காதா என்று பொருளுக்குப் பொருள் பார்ப்பதில்லை. மூலக்கூறில் முழுக்க ஃபுளூரின் ஏறிய கார்பன் ஒன்றாவது இருக்கிறதா என்பதுதான் அடிப்படை. சில விதிவிலக்குகள் போக, சுமார் 10,000 பொருள்கள் இதில் சிக்குகின்றன. ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சு, சிப் ஆலைக் குழாய், லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பிணைப்பான், ஹைட்ரஜன் மின்கலத்தின் சவ்வு எல்லாம் ஒரே வலையில். தொழில்துறையின் சண்டையே இந்த வலையின் அகலத்தைப் பற்றியதுதான். பொது ஆலோசனைக்கு 5,600க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன.

எனக்கு உண்மையில் தலைவலி கொடுத்தது வேறு சொல், ஆங்கிலத்தில் 'derogation'. மாற்றுப்பொருள் இன்னும் வராத பயன்பாடுகளுக்குக் கூடுதல் அவகாசம் தருகிறது முன்மொழிவு. எல்லோருக்கும் 18 மாதம், அதற்கு மேல் சிலருக்கு 5 ஆண்டு, சிலருக்கு 12 ஆண்டு.

> இதற்கு 'விலக்கு' போதுமே?

மதுவிலக்கு என்றால் தடை. வரிவிலக்கு என்றால் தடையல்ல, சலுகை. தடையைப் பற்றிய கட்டுரையில் இந்தச் சொல்லை வைத்தால் பாதிப் பேர் தலைகீழாகப் படிப்பார்கள். சலுகை என்று சரியாகப் படிப்பவர்களும் அது என்றைக்கும் உண்டு என்று நினைத்துக்கொள்வார்கள். பங்கு வைத்திருப்பவருக்கு அந்த 12 ஆண்டுக் கெடுதான் செய்தியே. அதனால் 'காலத்தளர்வு' என்று போடுகிறேன். ஊரடங்குத் தளர்வு பார்த்தவர்கள் நாம்; தளர்வு திரும்ப இறுகும் என்பது தெரியும். 2025 ஆகஸ்டில் வந்த திருத்திய ஆவணத்தில், சில துறைகளில் தடைக்குப் பதிலாகக் கட்டுப்பாடுகளோடு தொடர விடலாமா என்றும் பார்க்கிறார்கள். அது வேறு, அதை 'நிபந்தனை அனுமதி' என்கிறேன்.

அப்புறம், பழைய மாசுக்காக இன்று வந்து நிற்கும் இழப்பீட்டுச் சுமை. 'மரபுவழிப் பொறுப்பு' என்று ஒருவர் தந்திருந்தார். மன்னிக்கவும், குலதெய்வக் கோயில் நிர்வாகம் போல இருக்கிறது. 'பழைய பாக்கி' போதும். 3எம் நிறுவனத்தைப் பாருங்கள். பிஃபாஸ் தயாரிப்பை 2025 இறுதிக்குள் விட்டுவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. அப்போது அந்தப் பொருள்களின் ஆண்டு விற்பனை சுமார் 130 கோடி டாலர். அடுத்த ஜூனில் அமெரிக்கக் குடிநீர் வாரியங்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது குறைந்தது 1,030 கோடி டாலர், அதாவது கிட்டத்தட்ட எட்டு ஆண்டு விற்பனை. கடையை மூடினாலும் கணக்கு மூடவில்லை. கெமூர்ஸ், டூபாண்ட், கோர்டேவா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஒத்துக்கொண்டது 118.5 கோடி டாலர். 'பாக்கி' கட்டுரைக்குக் கொச்சை என்று பதிப்பாசிரியர் அடித்தால் 'பழைய நிலுவை' என்று மாற்றிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. சட்டம் மாறியதால் ஆயுள் முடியும் முன்பே மதிப்பிழந்து நிற்கும் ஆலைக்கு என்ன சொல்வது? 'முடங்கிய சொத்து' என்றால் வழக்கில் முடக்கியது போலத் தெரிகிறது. 'கரைதட்டிய சொத்து' என்று தோன்றியது, கப்பல் கரைதட்டுவது போல. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் மாற்றிவிடுகிறேன்.