100 பீஸ் மேக்னெட்டிக் டைல்ஸ் 1,299க்கு ஆஃபர்ல வருது, வாங்கலாமா?

கோவை_அம்மா
வணக்கம்ங்க. பெரியவனுக்கு அடுத்த மாசம் நாலு வயசு முடியுது. கலர் கலரா கண்ணாடி மாதிரி இருக்குமே, ஓரத்துல காந்தம் வெச்ச சதுரம் முக்கோணம் எல்லாம், அத ஃப்ரெண்ட் வீட்ல பாத்ததுல இருந்து ஒரே அடம். இப்ப ஆன்லைன் சேல்ல 100 பீஸ் செட், எம்ஆர்பி 5,999 போட்டு அடிச்சு 1,299ன்னு காட்டுது, 78% தள்ளுபடியாம், இன்னைக்கு ராத்திரியோட முடியுதுன்னு டைமர் வேற ஓடுது. பிராண்ட் பேரு நான் கேள்விப்பட்டதே இல்ல. சின்னவளுக்கு ஒன்றரை வயசு, கையில கெடைக்கறது எல்லாமே நேரா வாய்க்குத்தான் போகும், அதான் யோசனையா இருக்கு. யூஸ் பண்றவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரெண்டுவால்_அப்பா
சிஸ்டர், மொதல்ல அந்த 78%ஐ மறந்துடுங்க. எம்ஆர்பி எவ்ளோ வேணா போட்டுக்கலாம். ஒரு பீஸ் என்ன விலை வருதுன்னு மட்டும் கணக்கு போடுங்க. 100ம் டைலா இருந்தா ஒண்ணு 13 ரூபா. ஆனா டிஸ்க்ரிப்ஷன் கீழ வரைக்கும் படிச்சா பாதி செட்டுல படம் போட்ட கார்டு, ஸ்டிக்கர், வண்டிச் சக்கரம் எல்லாத்தையும் சேத்துத்தான் 100ன்னு எண்ணியிருப்பாங்க. நெஜ டைல் 60தான்னா ஒண்ணு 21 ரூபாய்க்கு மேல வந்துருச்சு. சதுரம் எத்தனைன்னும் பாருங்க. வீடு, கோபுரம், கார் ஷெட்டுன்னு பசங்க எத கட்டுனாலும் மொதல்ல தீர்றது சதுரம்தான், முக்கோணம் மட்டும் குவிஞ்சு கெடக்கும். அப்புறம் காந்தம் வீக்கா இருந்தா நாலு அடுக்கு ஏத்துனதுமே சரிஞ்சுடும், கட்டறதும் விழறதுமாவே இருந்தா குழந்தைக்கு வெறுத்துடும், அப்புறம் டப்பா மூலைக்குப் போயிடும். ஃபோட்டோ போட்ட ரிவ்யூல எவ்ளோ உயரம் கட்டியிருக்காங்கன்னு பாருங்க.

வார்டுநர்ஸ்
நான் குழந்தைங்க வார்டுல வேலை பாக்கறேன் மா, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், முழுசா படிங்க.

முழு டைல் பெருசு, சின்னவளால முழுங்க முடியாது. பயம் அதுல இல்ல. டைல் விரிசல் விட்டு உள்ள இருக்கற குட்டி காந்தம் வெளிய வந்தாத்தான் ஆபத்து. ஒரே ஒரு காந்தம் உள்ள போனா பெரும்பாலும் காசு மாதிரி அதுவா வெளிய வந்துடலாம். ரெண்டு போனா கதையே வேற, குடல் மடிப்புல ஒண்ணு இங்கயும் ஒண்ணு அங்கயும் இருந்து ஒண்ண ஒண்ணு இழுக்கும், நடுவுல மாட்டுன குடல் சுவர் நசுங்கி ரத்த ஓட்டம் நின்னு ஓட்டையே விழுந்துடும். ஆரம்பத்துல குழந்தை நல்லாத்தான் வெளையாடும், அப்புறம் வாந்தி, வயித்து வலின்னு வரும், நாம சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சு நாள கடத்திடுவோம். எக்ஸ்ரேல கூட ரெண்டு காந்தம் ஒட்டிட்டு ஒண்ணு மாதிரி தெரியும். அதனால முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் குடுத்துட்டு காத்துருக்காதீங்க, வாந்தி எடுக்க வெக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு போய் "காந்தம்"னு வாயத் தொறந்து சொல்லுங்க.

வாங்குனா ஒவ்வொரு டைலோட ஓரத்தையும் நகத்தால நெம்பிப் பாருங்க. ரெண்டு பக்க பிளாஸ்டிக்கும் இறுக்கமா உருக்கி சேத்திருக்கணும், மூலையில ரிவெட் (ரெண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கற குட்டி ஆணி) இருந்தா இன்னும் நல்லது. வெறும் பசை வெச்சு ஒட்டுனது வேண்டவே வேண்டாம். விரிசல் விட்ட டைல ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீங்க, அப்படியே குழந்தை கைக்கு எட்டாம தூக்கிப் போடுங்க.

ஐஎஸ்ஐ_பாருங்க
நர்ஸ் அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. 14 வயசுக்கு கீழ உள்ள பசங்க பொம்மைக்கு இந்தியால 2021 ஜனவரி 1ல இருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், வெளிநாட்டுல செஞ்சு வந்தாலும் இதே ரூல்தான். பொம்மை பாதுகாப்புக்கான ஸ்டாண்டர்ட் நம்பர் ஐஎஸ் 9873, டப்பால முத்திரைக்கு மேல அது இருக்கும். கீழ சிஎம்/எல்னு ஆரம்பிச்சு லைசன்ஸ் நம்பர் இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கற அரசு அமைப்பான பிஐஎஸ்ஸோட பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்கு, அதுல அந்த நம்பர போட்டா எந்த கம்பெனி, எந்த பொருளுக்கு வாங்குன லைசன்ஸ், இன்னும் செல்லுபடியாகுதான்னு வந்துடும். முத்திரைய மட்டும் சும்மா பிரிண்ட் பண்ணி விக்கறவங்களும் இருக்காங்க, அதனால நம்பர போட்டுப் பாக்காம நம்பாதீங்க. லிஸ்டிங்ல டப்பா பின்பக்க ஃபோட்டோ இல்லன்னா செல்லர்ட்ட கேளுங்க. அனுப்ப மாட்டேங்கறாங்கன்னா டைமர் முடிஞ்சா முடியட்டும்.

இன்னொண்ணு, குட்டி குட்டி உருண்டை காந்தமா டப்பால விக்கறாங்களே, அது இந்த டைல்ஸ் இல்ல. விலை கம்மின்னு அத மட்டும் குழந்தை இருக்கற வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாதீங்க.

கோவை_அம்மா
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்பத்தான் மறுபடி படிச்சேன், 100ல 28 கார்டுன்னு கடைசி வரில இருக்கு. ஐஎஸ்ஐ ஃபோட்டோ எங்கயும் இல்ல, செல்லருக்கு மெசேஜ் போட்டிருக்கேன். ஒரு டவுட், நல்ல செட்டா 40 பீஸ் மட்டும் வாங்குனா நாலு வயசுக்கு போதுமா?

ரெண்டுவால்_அப்பா
தாராளமா போதும் சிஸ்டர். ஒரு சதுரத்து மேல நாலு முக்கோணம் சாச்சா பிரமிடு, ஆறு சதுரம் சேத்தா பெட்டி, இத அவனா கண்டுபிடிக்கும்போது மொகத்த பாருங்க, அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு. ஜன்னல் வெயில்ல வெச்சா தரையில கலர் விழும். இரும்பு பீரோல ஒட்டியும் வெளையாடலாம், சின்னவ கைக்கு எட்டாத உயரத்துல. பின்னாடி கூட வாங்கணும்னா அதே பிராண்டுல வாங்குங்க, அளவு ஒரு மில்லிமீட்டர் மாறுனாலும் உயரமா கட்டும்போது ஒக்காராது.

வார்டுநர்ஸ்
வெளையாடி முடிச்சதும் எண்ணி டப்பால போட பெரியவனையே பழக்குங்க மா. எண்ணவும் கத்துப்பான், ஒண்ணு கொறஞ்சா ஒடனே தெரிஞ்சுடும். சின்னவ தூங்கற நேரத்துல மட்டும் எடுத்துக் குடுங்க.