அவசரம்: ஹால்ல வெச்ச பெரிய செடி மஞ்சளாகி சாயுது, என்ன பண்ண?

ஓஎம்ஆர் அனு · நவம்பர் 9, இரவு 11.48
யாராவது சீக்கிரம் சொல்லுங்க. ஹால்ல ஒரு பெரிய செடி இருக்கு, இலையெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்குமே, அது. ஒரு வாரமா மஞ்சளாகுது. கீழ் இலை மூணு போச்சு, இன்னிக்கு நாலாவது. செடியே ஒரு பக்கமா சாயுது. தண்ணி ஒழுங்காத்தான் ஊத்துறோம். உரமும் போட்டாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுல விசேஷம், சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க. அதுக்குள்ள சரியாகணும். 2800 ரூபாய் குடுத்து வாங்கினது. ப்ளீஸ்.

பால்கனி ராணி · 11.55
ஓட்டை பூச்சி தின்னதா, பொறந்ததுல இருந்தே இருக்கிறதா? போட்டோ போடுங்க.

கோவை செந்தில் · நவம்பர் 10, காலை 5.40
ஏனுங்க, தொட்டி அடியில ஓட்டை இருக்குதுங்களா? சன்னல் பக்கமா வெச்சிருக்கீங்களா, உள்ளார தள்ளியா? எதுக்கும் புளிச்ச மோரு ஒரு டம்ளர், பத்து டம்ளர் தண்ணியில கலக்கி ஊத்திப் பாருங்க. எங்க தோட்டத்துல மோருக்கு அடங்காத நோவே கிடையாதுங்க.

டிடிஎஸ் குமார் · 6.15
என்ன தண்ணி ஊத்துறீங்க? போர்வெல்லா, லாரியா, மெட்ரோ குழாய்த் தண்ணியா? சென்னை ஓஎம்ஆர்னு பேரைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. உப்புத் தண்ணிதான். கண்ணை மூடிட்டு சொல்லுவேன்.

மண்புழு · 7.02
செடியின் பெயர் இல்லை. படம் இல்லை. தொட்டியின் அளவு, மண் கலவை, ஜன்னலிலிருந்து எத்தனை அடி, எதுவும் இல்லை. “தண்ணி ஒழுங்காத்தான் ஊத்துறோம்” மட்டும் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். செடியைத் தண்ணீரில் கொன்றவர்கள் அத்தனை பேரும் இந்த வாக்கியத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். “கேட்பதற்கு முன் படிக்க” என்று ஒரு பதிவை மேலே ஒட்டி வைத்திருப்பது அழகுக்கு அல்ல.

பால்கனி ராணி · 7.10
மாமா, இன்னும் காபி குடிக்கல போல.

ஓஎம்ஆர் அனு · 9.20
சாரி, ஆபீஸ் கிளம்புற அவசரம். மான்ஸ்டெரா. மூணரை அடி இருக்கும். ஆடி மாசம் ஒரு நர்சரில வாங்கினது. வந்தன்னிக்கே பெரிய தொட்டிக்கு மாத்தி, சுத்தி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ரொப்பிட்டோம். அந்தத் தொட்டியைத்தான் ஒரு வெள்ளை செராமிக் தொட்டிக்குள்ள இறக்கி வெச்சிருக்கு. ஜன்னல் எட்டு அடி தள்ளி. போட்டோ ஏற மாட்டேங்குது. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், காலைல எழுந்து பாத்தா இலை நுனில சொட்டு சொட்டா தண்ணி நிக்குது, தரையெல்லாம் ஈரம். அழுற மாதிரியே இருக்கு.

மண்புழு · 9.41
அது அழுகை இல்லை. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், வேரோ நீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நீர் இலை ஓரத்தில் இருக்கும் வேறு துளைகள் வழியே சொட்டாக வெளியேறும். விடிகாலையில் சேப்பங்கிழங்கு இலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மான்ஸ்டெராவும் அதே குடும்பம்தான். நோய் இல்லை. ஆனால் தினமும் தரை நனைகிறது என்றால் மண் சொதசொதவென்று கிடக்கிறது.

யார், எப்போது, எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? “ஒழுங்காக” என்ற சொல் இல்லாமல் பதில் எழுதவும்.

ஸ்கார்பரோ ரூபன் · 10.05
நான் இஞ்ச கனடாவில நாலு மான்ஸ்டெரா வளர்க்கிறன். வெளிச்சம் காணாது எண்டுதான் நினைக்கிறன். சன்னலுக்கு எட்டடி தள்ளி வைச்சா எங்க வெளிச்சம்? செடிக்கெண்டு விக்கிற குரோ லைட் ஒண்டு வாங்கிப் பூட்டுங்கோ, பன்னிரண்டு மணித்தியாலம் எரியட்டும். பக்கத்தில காத்தை ஈரமாக்கிற ஹியூமிடிஃபையர் ஒண்டும் வையுங்கோ. இந்தக் காலத்தில வீட்டுக்குள்ள காத்து சரியாக் காஞ்சு போகும்.

பால்கனி ராணி · 10.12
ரூபன் அண்ணா, இங்க சென்னைல நவம்பர்! துவைச்ச துணி மூணு நாளா கொடில காயாம நாறுது. ஹியூமிடிஃபையர் வெச்சா நமக்குத்தான் காளான் முளைக்கும்.

ஸ்கார்பரோ ரூபன் · 10.15
ஓ, அது சரி. மறந்துபோனன். ஆனா வெளிச்சம் பற்றிச் சொன்னது சொன்னதுதான். வெளிச்சம் குறைஞ்சா செடி குடிக்கிறதும் குறையும், தண்ணி அப்பிடியே நிக்கும்.

ஓஎம்ஆர் அனு · மதியம் 1.15
வீட்டுக்கு போன் பண்ணி கேட்டேன். நான் காலைல ஒரு சொம்பு ஊத்துறேன். அத்தை சாயங்காலம் விளக்கேத்தினதும் ஒரு சொம்பு ஊத்துவாங்களாம், எனக்கு இது இன்னிக்குத்தான் தெரியும். வேலைக்கு வர்ற அக்கா வேற, மாப் போடும்போது “செடி வாட்டமா இருக்கே”ன்னு கொஞ்சம் ஊத்துவாங்களாம். ஆர்ஓ வேஸ்ட் தண்ணியை வாளில பிடிச்சு வெப்போம், அதுல இருந்துதான் எல்லாரும்.

டிடிஎஸ் குமார் · 1.18
சொன்னேனா!!! ஆர்ஓ வேஸ்ட்! மெஷின் வேணாம்னு தள்ளின உப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு. அதைப் போய் செடிக்கா? விஷம்ங்க. கழுவுறதுக்கு, பாத்ரூமுக்கு ஊத்துங்க, செடிகிட்டயே கொண்டு போகாதீங்க.

பால்கனி ராணி · 1.30
ஹலோ, நான் ஆறு வருஷமா ஆர்ஓ வேஸ்ட்தான் ஊத்துறேன். கறிவேப்பிலை, செம்பருத்தி, ரெண்டு மான்ஸ்டெரா, எல்லாம் ஜம்முனு இருக்கு. விஷமாம். இருக்கிற தண்ணியையும் சாக்கடைல விடச் சொல்றீங்களா? 2019 கோடைல குடத்தோட லாரிக்கு நின்னிருந்தா இப்படிப் பேச மாட்டீங்க.

டிடிஎஸ் குமார் · 1.34
நானும் நின்னேன். அதனாலதான் தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். உங்க வாளில மீட்டரை விட்டுட்டு நம்பரை இங்க போடுங்க, அப்புறம் பேசுவோம்.

பால்கனி ராணி · 1.36
செடியே மீட்டர்தான். நல்லா இருக்கு. போதும்.

கோவை செந்தில் · 2.10
எங்க ஊருக்கு சிறுவாணித் தண்ணிங்க. இந்தப் பிரச்சனையே இல்லீங்க.

பால்கனி ராணி · 2.11
ஆரம்பிச்சிட்டாரு.

மண்புழு · 3.25
எளிய கணக்கு. இயந்திரத்துக்குள் 4 லிட்டர் போய், 1 லிட்டர் நல்ல நீரும் 3 லிட்டர் கழிவும் வருவதாக வைத்துக்கொள்வோம். 4 லிட்டரில் இருந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் 3 லிட்டருக்குள் வந்துவிடும். போர்வெல் நீர் மீட்டரில் 900 (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு) என்றால் கழிவு 1200. மெட்ரோ நீர் 300 என்றால் கழிவு 400. 400 என்ற அளவு உப்பு மான்ஸ்டெராவை ஒன்றும் செய்யாது. ராணி எந்த நீர் பிடிக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பால்கனி ராணி · 3.40
மயிலாப்பூர். மெட்ரோ.

மண்புழு · 3.42
ஆகவே இருவரும் இரண்டு வெவ்வேறு தண்ணீரைப் பற்றிச் சண்டை போட்டீர்கள். தவிர, உப்பு கூடினால் முதலில் இலை நுனியும் ஓரமும் பழுப்பாகி, அப்பளம் போல் காய்ந்து நொறுங்கும். அனு சொல்வது கீழ் இலை முழுதாக மஞ்சளாவது. வேரைப் பாருங்கள்.

டிடிஎஸ் குமார் · 3.50
ரெண்டும் சேர்ந்தே வரலாம்ல.

செடிக்கடை தம்பி · மாலை 6.30
அக்கா நான் ஈசிஆர்ல செடிக் கடைல வேலை பாக்கிறேன். தண்ணி சண்டைய அப்புறம் போடுங்க. உள்ள இருக்கற மண் உருண்டைய உடைக்காம அப்படியே தொட்டில வெச்சு சுத்தி கோகோபீட் போட்டீங்களா? ஆந்திரா கடியம் பக்கம் இருந்து லோடுல வர்ற செடி பாதிக்கு மேல களிமண் உருண்டையோடதான் வரும். லாரில குலுங்கினாலும் உதிராது, அதுக்குத்தான் அந்த மண்ணு. வீட்ல அதே மண்ணு எமன். காஞ்சா செங்கல், நனைஞ்சா சேறு. நடுவுல சேறு, சுத்தி ஸ்பாஞ்சு மாதிரி கோகோபீட், அதுக்கும் வெளில ஓட்டை இல்லாத தொட்டி. வேர் மூச்சு விட எடமே இல்ல.

இன்னிக்கே வெளில எடுங்க. நல்ல வேர் வெள்ளையா இல்ல சந்தன கலர்ல கெட்டியா இருக்கும். அழுகினது பழுப்பா இருக்கும், விரலால இழுத்தா தோல் கையோட வரும், உள்ள நூல் மட்டும் நிக்கும். நாத்தத்துலயே தெரிஞ்சிரும். அழுகினதெல்லாம் சுத்தமான கத்தில வெட்டிருங்க. களிமண்ணை வாளி தண்ணில ஊற வெச்சு மெதுவா கரைங்க, பிய்க்காதீங்க. தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, பெர்லைட் (வெள்ளையா லேசா இருக்கற கல்லுப் பொரி), கொஞ்சமா மண்புழு உரம் கலந்து, மிஞ்சின வேருக்குத் தக்க சின்னத் தொட்டில வைங்க. உரம் இப்ப வேணாம். தேங்காய் நாரு சுத்தின கம்புல செடிய சேத்து கட்டுங்க.

ஸ்கார்பரோ ரூபன் · 6.44
தம்பி வடிவாச் சொல்லிப்போட்டார்.

கோவை செந்தில் · 6.50
கையில உறை போட்டுக்குங்க. கருணைக்கிழங்கு அரிப்பு தெரியுமில்லைங்க, அதே சமாச்சாரம்தான். சாறுல கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா உப்புப் படிகம் இருக்குதுங்க. அரிச்சா புளித்தண்ணியில கழுவுங்க.

மண்புழு · 6.58
புளி பாட்டி வைத்தியம். சோப்பும் ஓடுகிற நீரும் போதும். குழந்தை, பூனை இருந்தால் வெட்டிய துண்டுகளை எட்டாமல் போடவும். வாயில் வைத்தால் நாக்கு வீங்கும்.

கோவை செந்தில் · 7.05
எங்க பாட்டி தொண்ணூத்தி நாலு வயசு வரைக்கும் இருந்தாங்க.

பால்கனி ராணி · 7.06
😂

ஓஎம்ஆர் அனு · இரவு 10.30
வெளில தொங்கிட்டு இருந்த விழுதை எல்லாம் அத்தை போன மாசம் வெட்டிட்டாங்க, பாக்க நல்லா இல்லன்னு. அதனால இருக்குமா?

செடிக்கடை தம்பி · 10.42
சாகாது அக்கா. ஆனா இனிமே வெட்ட வேணாம், அதை கம்பு பக்கம் திருப்பி விட்டா பிடிச்சு ஏறும். அடி வேர் மொத்தமும் போயிருந்தா அந்த விழுதுதான் கை குடுக்கும். கணுவும் விழுதும் சேர்ந்த துண்டா வெட்டி தண்ணில வெச்சா வேர் விடும். கணு இல்லாம வெறும் இலைய வெட்டி வெச்சா பச்சையா நிக்கும், செடி வராது.

டிடிஎஸ் குமார் · நவம்பர் 12, காலை 8.00
அனு, என்ன ஆச்சு?

டிடிஎஸ் குமார் · நவம்பர் 14, காலை 8.03
அனு?

மண்புழு · 8.30
வழக்கம் போல. கேட்பது நள்ளிரவில், காணாமல் போவது காலையில்.

ஓஎம்ஆர் அனு · நவம்பர் 18, இரவு 9.15
சாரி, விசேஷ வேலை. அன்னிக்கு ராத்திரியே எடுத்துப் பாத்தோம். செராமிக் தொட்டில நாலு விரல் தண்ணி, குட்டைத் தண்ணி நாத்தம். உருண்டை தம்பி சொன்ன மாதிரியே. வெளில சேறு, நடுவுல கத்தி இறங்கல. வேர்ல பாதி போச்சு, மேல் பாதி நல்லா இருந்துச்சு. உறை போட்டும் மணிக்கட்டுல அரிச்சுது. அத்தை கேக்காமலே புளி கரைச்சு குடுத்தாங்க. விசேஷத்தன்னிக்கு செடியை பெட்ரூம்ல வெச்சு கதவை சாத்திட்டோம். சொம்பு இப்ப என் கிட்ட மட்டும்தான். எல்லாருக்கும் நன்றி.

கோவை செந்தில் · 9.20
புளி!!

மண்புழு · 9.31
அரிப்பு எதனால் நின்றது என்பதற்கு இது சான்று ஆகாது.

ஓஎம்ஆர் அனு · ஜனவரி 6, காலை 7.50
புது இலை ஒண்ணு விரிஞ்சிருக்கு. ஓட்டையே இல்ல. இது நார்மலா?

மண்புழு · 8.15
பாதி வேரோடு நிற்கும் செடி சின்ன, முழு இலைதான் விடும். தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை காட்டு மரங்களில் தொற்றி ஏறுகிற கொடி இது. வேர் தேறி, மேலே ஏறப் பிடிப்பும் வெளிச்சமும் கிடைத்தால் அடுத்தடுத்த இலைகளில் பிளவு திரும்பும். ஜன்னலுக்கு இரண்டு மூன்று அடிக்குள் நகர்த்துங்கள், மதிய வெயில் நேராகப் படாமல். படம்?

ஸ்கார்பரோ ரூபன் · 8.22
வெளிச்சம் எண்டு முதல் நாளே சொன்னனான்.

டிடிஎஸ் குமார் · 8.24
இப்ப எந்தத் தண்ணி ஊத்துறீங்க?