11க்குக் கீழே போட்டா கிட்டாரிஸ்ட் இல்லையாம்!

ஆறாம்கம்பி:
நேத்து ராத்திரி நம்ம ஊர் கச்சேரிக்காரங்க வாட்ஸ்அப்புல ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். "எலெக்ட்ரிக் கிட்டாருக்கு 11க்குக் கீழே ஸ்ட்ரிங் போடுறவன் கிட்டாரிஸ்ட்டே இல்ல. 9 எல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு. ஸ்டீவி ரே வான் 13 போட்டாரு, அதான் அந்த சவுண்டு." கேட்டதிலிருந்து மனசு ஆறல. இதை நம்பி நம்ம மலேசியா சுங்கை சிப்புட் பையன்க நாலு பேர் 11 வாங்கி, விரல் வீங்கி, கிட்டாரைத் தூக்கி அலமாரி மேல போட்டுடுவானுங்க. அதனாலதான் இங்க எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு: இந்த நம்பர் செட்டுல மெல்லிசான முதல் கம்பியோட தடிமன். 9ன்னா ஒரு அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சா அதுல 9 பங்கு. அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் 13 போட்டது உண்மை. ஆனா கிட்டாரை அரை சுரம் இறக்கி ஈ ஃப்ளாட்டுல வச்சுத்தான் வாசிச்சார். அரை சுரம் இறக்கினா கம்பியோட இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். அதை ஏன் சொல்லாம விட்டீங்க?

இரும்புக்கை:
அந்த வாய்ஸ் போட்டது நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாமே, என்ன பயம்? 13ன்னா 13தான். இறக்கினாரா ஏத்தினாரா, அதெல்லாம் கதை. நான் சொன்னது கனம். மெல்லிசுக் கம்பில கனமான சவுண்டு வராது. 9 போட்டு மேடை ஏறினவன் சோலோவை நான் கேட்டிருக்கேன். உறுமி மேளம் பக்கத்துல கொசு பாடுற மாதிரி இருந்துச்சு.

ஆறாம்கம்பி:
அப்ப பிளாக் சாபத் குழு கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி யாரு? 1965ல பர்மிங்காம் தகரப் பட்டறையில வலது கை நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போச்சு. இடது கைக்காரர், அந்த விரல்லதான் கம்பியை ஃப்ரெட்டு மேல, அதாவது கழுத்துல குறுக்கே இருக்குற உலோகப் பட்டை மேல, அழுத்தணும். நுனிக்குத் தொப்பி மாட்டிக்கிட்டு, மெல்லிசுக் கம்பி தேடித் தேடிப் போட்டார். பிளாக் சாபத் கிட்டார் உங்களுக்குக் கொசுவா கேக்குதா? ஸீஸீ டாப் குழு பில்லி கிப்பன்ஸ் 7 போடுறார், 7. அவரும் சின்னப் பிள்ளையா?

சரி, கேட்ட கேள்விக்கு வாங்க. ஸ்டீவி ரே வான் அரை சுரம் இறக்கினாரா, இல்லையா?

சிப்புட்பையன்:
அண்ணே, வணக்கம். என்கிட்ட யமஹா பாசிஃபிகா இருக்கு. அடுத்த மாசம் கோயில் திருவிழால வாசிக்கணும். பழைய ஸ்ட்ரிங் துரு பிடிச்சுப் போச்சு. எது வாங்கலாம்?

இரும்புக்கை:
தம்பி, 11 வாங்கு. ஆம்பளையா வாசி.

ஆறாம்கம்பி:
தம்பி, அவர் பேச்சைக் கேட்டு வாங்கிடாத. அந்த கிட்டார்ல பாலம், அதாவது கம்பியோட அடிமுனையைப் பிடிச்சிருக்குற பிரிட்ஜ், பின்னால ஸ்பிரிங்ல நிக்குது. 9ல இருந்து திடீர்னு 11 மாட்டினா பாலம் முன்னால சாயும், கம்பி எல்லாம் மேல எழும்பும். பின்மூடியைத் திறந்து ஸ்க்ரூவை இறுக்கணும், ஸ்பிரிங் கூட்ட வேண்டி வரும். கழுத்து உச்சில கம்பி உக்கார்ற நட்டுல உள்ள வெட்டும் 9க்கு வெட்டினதா இருந்தா 11 அதுல சிக்கி, கம்பியைப் பக்கவாட்டுல தள்ளிச் சுருதி ஏத்துற ஒவ்வொரு பெண்டுக்கும் 'டிங்'னு சத்தம் போட்டு ட்யூனிங் போயிடும். இதை எல்லாம் சொல்லாம "ஆம்பளையா வாசி"ங்கறது என்ன புத்தி? எங்க ஊர் பொம்பளப் பிள்ளைங்க உங்களைவிட நல்லா வாசிக்குதுங்க.

கணக்குச் சொல்றேன், கேளுங்க. கம்பி செய்ற டடாரியோ கம்பெனி பாக்கெட்டுக்குப் பின்னாலயே இழுவிசையைப் பவுண்டுல அச்சடிச்சிருக்கான். ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டாரோட கம்பி நீளத்துக்கு, அதாவது 25.5 அங்குலத்துக்கு, முதல் கம்பி 9ன்னா சுமார் 13 பவுண்டு, 10ன்னா 16, 11ன்னா கிட்டத்தட்ட 20. ஒரு நம்பர் கூடினா சும்மா ஒண்ணு கூடல. விட்டத்தோட வர்க்கத்துல கூடும். சோலோல ஒரு முழுச் சுரம் தள்ளுறப்ப விரல் படுற பாடு அங்க தெரியும்.

குலைவெட்டி:
நான் செம்பனை வெட்டுறவன். காலையில மரத்தடில இருந்து அரிவாள் கம்பை மேல தூக்கிக் குலையை வெட்டிட்டு, சாயந்தரம் கிட்டார் எடுத்தா 9 என் விரலுக்கு நூல் மாதிரி இருக்கு. அழுத்துறப்பவே சுருதி ஏறிடுது. எனக்கு 10தான் சரி. கை எப்படியோ கம்பி அப்படி. இதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?

இரும்புக்கை:
பாருங்க! உழைச்ச கைக்குக் கனமான கம்பிதான் வேணும்னு அவரே சொல்றார். நான் சொன்னதும் இதான்.

குலைவெட்டி:
நான் 10ன்னு சொன்னேன்.

இரும்புக்கை:
இன்னும் ரெண்டு வருஷத்துல 11க்கு வருவீங்க.

பேஸ்காரன்:
நம்ம ஊர்ல முதல் எதிரி துரு. மழைக்கு முந்தின சாயந்தரம் திறந்தவெளி மேடையில வாசிச்சிட்டு, துடைக்காம பையில போட்டா, மறுவாரம் முதல் கம்பி கறுத்துடும். அஞ்சாவது ஃப்ரெட்டுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவுல நகத்தைக் கம்பிக்கு அடியில விட்டுத் தேய்ச்சுப் பாருங்க. ஃப்ரெட்டு வெட்டின பள்ளம் சின்னச் சின்னதா தட்டுப்படும். அப்புறம் ட்யூனர் என்ன சொன்னாலும் சுருதி சேராது. 9, 10னு அடிச்சுக்கிறவங்க வாசிச்சு முடிச்சதும் ஒரு துணி எடுத்துத் துடைங்க, போதும். முடிஞ்சா எலிக்ஸர் மாதிரி மேல்பூச்சு போட்டது வாங்குங்க. கோர்-டெக்ஸ் துணி செய்ற கோர் கம்பெனிதான் அதையும் செய்யுது. விலை கூட, ஆனா தாக்குப் பிடிக்கும்.

இரும்புக்கை:
பிளாஸ்டிக் பூசின கம்பில உயிர் இருக்காது. அது சரி, நீ பேசலாமா? போன தீபாவளிக் கச்சேரிக்கு என் கேபிளை வாங்கிட்டுப் போய் இன்னும் திருப்பித் தரல.

பேஸ்காரன்:
கேபிள் உங்க ஆம்ப்ளிஃபையர் பின்னாலதான் தொங்குது, தேடிப் பாருங்க. அந்தக் கச்சேரிக் காசுல என் பங்கு எங்கன்னு நான் கேக்கட்டுமா?

ஆறாம்கம்பி:
கேபிள், காசெல்லாம் நீங்க டெலிபோன்ல பேசிக்கோங்க. இங்க கேள்வி ஒண்ணுதான். அரை சுரம். இறக்கினாரா, இல்லையா?

இரும்புக்கை:
அரை சுரம், அரை சுரம். உங்களுக்கு வேற பாட்டே தெரியாதா? இறக்கினாலும் 13 உங்க 9ஐ விடக் கனம்தானே? கணக்குல புலியாச்சே, போட்டுப் பாருங்க.

ஆறாம்கம்பி:
போட்டாச்சு. 13 முழுச் சுருதில 27 பவுண்டுக்கு மேல. அரை சுரம் இறக்கினா 24 சொச்சம். 9ஐ விடக் கனம்தான், யார் இல்லன்னா? ஆனா "13 போட்டாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு இறக்கினதை மறைச்சா, அதைக் கேட்ட பையன் 13ஐ வாங்கி இறக்காம முழுச் சுருதியான ஈயிலயே முறுக்குவான். பாக்கியில்லாம முழு 27 பவுண்டு இழுவிசையோட அவன் விரல் மல்லுக்கட்டணும். அதான் என் கோபம்.

இன்னொண்ணு. உங்க கிட்டார் லெஸ் பால் வடிவம். அதோட கம்பி நீளம் 24.75 அங்குலம். அதே கம்பி அதுல 6 சதவீதம் தொய்வா இருக்கும். நீங்க 11 போட்டு "இரும்புக்கை"ன்னு பேர் வச்சுக்கிறீங்க. அதையே எடுத்து என் ஸ்ட்ராட்ல மாட்டி வாசிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்.

பட்டர்வொர்த்காரன்:
வெளியூர்க்காரன் ஒரு வார்த்தை சொல்லலாமா? கனம், கனம்னு சொல்றீங்களே, கனம்னா ஸ்ட்ரிங்கா, சவுண்டா, கையா? முதல்ல அதை முடிவு பண்ணுங்க.

இரும்புக்கை:
சவுண்டு தெரியாதவனுக்கு விளக்கம் எதுக்கு? காது இருக்கறவனுக்குப் புரியும்.

ஆறாம்கம்பி:
பட்டர்வொர்த் அண்ணே, இவர்கிட்ட விளக்கம் கேட்டு ஆகப் போறதில்ல. அந்தக் காலத்துல கடையில மெல்லிசு செட்டே கிடையாது. அமெரிக்க கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் பர்ட்டன் மாதிரி ஆளுங்க பேஞ்சோ கம்பியை முதல் கம்பியா மாட்டி, மீதி எல்லாத்தையும் ஒரு இடம் தள்ளிப் போட்டு, ஆறாவதைத் தூக்கிப் போட்டாங்க. பெண்டு பண்ணணுங்கறதுக்காக! 1960கள்ல எர்னி பால் 'ஸ்லிங்கி' செட்டைத் தனியா விக்க ஆரம்பிச்சதுக்குக் காரணமே வாசிக்கிறவங்க மெல்லிசு கேட்டதுதான். ஃபெண்டர் அமெரிக்கன் ஸ்ட்ராட் புதுசா வர்றப்பவே 9-42தான் (முதல் கம்பி 9, ஆறாவது 42) மாட்டி வருது. செஞ்சவனுக்குத் தெரியாததா இவருக்குத் தெரியும்?

இரும்புக்கை:
ஃபெண்டர் பெட்டியை நீங்க எப்ப திறந்தீங்க? உங்க கிட்டார் ஈப்போவுல ரெண்டாங்கை வாங்கினதுன்னு ஊருக்கே தெரியும்.

ஆறாம்கம்பி:
ரெண்டாங்கைதான். காசு கொடுத்து வாங்கினேன். யார்கிட்டயும் இரவல் வாங்கிட்டு "என்னுது"ன்னு மேடையில போஸ் கொடுக்கல.

குலைவெட்டி:
அந்த விஷயம் வேணாம், அண்ணே. அதுல ரெண்டு குடும்பம் பேசாம இருக்கு.

சிப்புட்பையன்:
அண்ணே, இன்னைக்குக் கடைக்குப் போனேன். கடைக்கார தவுக்கே 10-46 எடுத்துக் கொடுத்தார், 30 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார். வாங்கிட்டேன்.

இரும்புக்கை:
ரெண்டுங்கெட்டான் ஸ்ட்ரிங். இதுக்கு வாங்காமலே இருந்திருக்கலாம்.

ஆறாம்கம்பி:
தம்பி, 9 சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அவசரப்பட்டுட்ட. சரி, 10 போட்டா பின்னால ஸ்பிரிங் ஸ்க்ரூவை ரெண்டு பக்கமும் சமமா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுல அழுத்தின சுருதியும், அதே இடத்துல தொட்டு எடுக்குற ஹார்மோனிக்கும் ஒண்ணா இருக்கான்னு பாரு. அழுத்தினது கூடுதலா காட்டினா சேடலை, அதாவது பாலத்துல அந்தக் கம்பி உக்கார்ற சின்னத் துண்டை, பின்னால தள்ளு. புதுக் கம்பியை மாட்டினதும் கையால மெதுவா இழுத்து விட்டுத் திரும்ப ட்யூன் பண்ணு. திருவிழா அன்னைக்குக் காலையில புதுசு மாட்டாத, முந்தின நாளே மாட்டிடு.

பேஸ்காரன்:
பாக்கெட்ட ஒரு படம் எடுத்துப் போடு, தம்பி. டடாரியோன்னா கம்பியோட அடியில மாட்டியிருக்குற பந்துமுனை ஒவ்வொண்ணும் ஒரு நிறமா இருக்கும். எல்லாம் ஒரே நிறமா இருந்தா திருப்பிக் கொடுத்துடு.

சிப்புட்பையன்:
இது எர்னி பால், அண்ணே.

இரும்புக்கை:
கேட்டானா? பிராண்டே தெரியாம பந்து பாக்கச் சொல்றான். இவன்கிட்டதான் என் கேபிள் மாட்டிக்கிச்சு.

பேஸ்காரன்:
'டடாரியோன்னா'ன்னுதான் எழுதியிருக்கேன். படிக்கத் தெரியலன்னா பக்கத்துல யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்க. என் பங்கு வந்ததும் கேபிளைப் பத்திப் பேசுவோம்.

இரும்புக்கை:
கடைசியா ஒண்ணு சொல்றேன். கனமான நிக்கல் கம்பிதான் நிக்கும். எங்க அப்பா பாப் யே யே காலத்துல, அதாவது 1960கள் மலாய் கிட்டார் பாட்டுக் காலத்துல, வாசிச்சவர், அவர் மெல்லிசைத் தொட்டதே இல்ல.

ஆறாம்கம்பி:
அப்பாவை மதிக்கிறேன், அவர் வாசிச்சதை நேர்ல கேட்டவன் நான். ஆனா எலெக்ட்ரிக் செட்டுல முதல் மூணு கம்பியும் வெறும் எஃகு, மேல மெல்லிசாத் தகரம் பூசியிருப்பான். நிக்கல் சுத்துறது தடிச்ச மூணு கம்பிக்கு மட்டும்தான். நீங்க சோலோ வாசிக்கிற இடத்துல நிக்கலே கிடையாது. இதைப் பத்தி ராத்திரி தனியா எழுதறேன். வேலைக்கு நேரமாச்சு.

இரும்புக்கை:
எழுதுங்க, எழுதுங்க. வாசிக்கத்தான் வராது.