ஃபிளட்டருக்கு ஒரு தமிழ்ச் சொல்: புஸ் மோத் விபத்துகளை முன்வைத்து

அட்டனிலிருந்து:

அன்புள்ள கலைச்சொற் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய இலகு விமானங்களின் விபத்து வரலாற்றைத் தமிழில் எழுதும் வேலையில், டி ஹவிலண்ட் நிறுவனத்தின் புஸ் மோத் பற்றிய பகுதி ஒரேயொரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. பறக்கும் வேகத்தில் விமானத்தின் இறக்கையோ வாலோ தானாகவே ஆடத் தொடங்கி அந்த ஆட்டம் வளர்ந்துகொண்டே போவதைப் பொறியியலாளர் ஃபிளட்டர் என்பார்கள். அதைக் குறிப்பதற்கு இதுவரை குழுவில் வந்த பரிந்துரைகள் படபடப்பு, சிறகடிப்பு, பரிவு, காற்றூட்டதிர்வு ஆகிய நான்கு. இவற்றுள் எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன், அந்தச் சொல் எந்த இடத்தில் வந்து அமரவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

புஸ் மோத் முதன்முதலிற் பறந்தது 1929 செப்டெம்பரில். அதற்கு முந்திய மோத் விமானங்கள் இரட்டை இறக்கையும் திறந்த இருக்கையும் உடையவை. இதுவோ உடலின் உச்சியில் அமைந்த ஒற்றை இறக்கையும், மழையும் குளிரும் புகாத மூடிய அறையும், 120 குதிரைவலு ஜிப்சி எஞ்சினும் கொண்டது. உருக்குக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த உடல், மரத்தாலான இறக்கை. 280க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. 1932 ஒக்டோபர் 15ஆம் திகதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுபோனது இதில்தான். 1935 நவம்பரில் கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையத்தில் முதலில் வந்திறங்கியதும் சென்னையிலிருந்து பறந்துவந்த ஒரு புஸ் மோத்தே. ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான யந்திரம் அன்று.

ஆனால் இரத்மலானையில் அது இறங்குவதற்குள் அதன் பெயருக்கு ஒரு கறை ஏற்பட்டுவிட்டிருந்தது. 1930 ஒக்டோபரில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு புஸ் மோத், கொந்தளிப்பான காற்றிற் பறந்துகொண்டிருக்கையில் வானத்திலேயே உடைந்து விழுந்தது. 1931 மே 5ஆம் திகதி, அதற்கு முந்திய மாதத்திலேதான் இங்கிலாந்திலிருந்து கேப் டவுனுக்கு ஏழு நாளுக்குள் பறந்து பெயர்பெற்ற கிளென் கிட்ஸ்டன், தென்னாபிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரில் இரவல் வாங்கிய புஸ் மோத் ஒன்றில் இதே விதமாக மாண்டார். வேறு பல விமானங்களும் இதே வரிசையில் சேர்ந்தன. 1931இல் புஸ் மோத்தில் தனியாகத் தென் அத்திலாந்திக்கைக் கடந்த பேர்ட் ஹிங்க்ளர், 1933 ஜனவரி 7ஆம் திகதி அதே விமானத்துடன் இத்தாலியின் டஸ்கனி மலைகளில் வீழ்ந்து இறந்தார். மலையில் வீழ்ந்த ஒவ்வொரு விமானத்தையும் இந்த வரிசையிற் சேர்த்துவிட முடியாது என்பதால், அவருடைய பெயரைத் தனியே வைத்துப் பார்ப்பதே முறை என்று கருதுகிறேன்.

மலையகத்தில் இருக்கும் நமக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. 1974 டிசெம்பர் 4ஆம் திகதி சுராபாயாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த மார்டினேர் டீசீ 8 விமானம், நோட்டன் பிரிஜ்ஜுக்கு அருகே சப்த கன்னி மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்ததை இங்குள்ள மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அது முழுமையாக, இயங்கும் நிலையிலேயே வந்து மலையில் மோதிய விமானம். கிட்ஸ்டனின் விமானமோ மண்ணைத் தொடுவதற்கு முன்னரே சிதைந்துவிட்டது. முதல் வகையில் சிதைவுகள் மோதிய இடத்தைச் சுற்றியே கிடக்கும். இரண்டாம் வகையில் இறக்கை ஓரிடத்திலும் உடல் வேறிடத்திலுமாகப் பறந்த பாதை நெடுகச் சிதறிக் கிடக்கும். நம் பத்திரிகைகள் இரண்டுக்கும் "சீரற்ற காலநிலையால் விபத்து" என்று ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகின்றன.

இனிக் காரணத்துக்கு வருகிறேன். புஸ் மோத்தின் இறக்கையை இருபுறமும் சாய்வான தாங்குகோல்கள் உடலோடு இணைக்கின்றன. சாதாரணமாகப் பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி எழுவதால் அவை இழுவிசையில் இருக்கும். மெல்லிய கோலும் அதைத் தாங்கிக்கொள்ளும். கொந்தளிப்பில் ஒரு கீழ்நோக்கிய காற்று இறக்கையை அமுக்கும் கணத்தில் அதே கோல் நெருக்கலுக்கு உள்ளாகிறது. நீண்டு மெலிந்த கோல் நெருக்கலில் பக்கவாட்டாக நெளியும். முன்பக்கத் தாங்குகோல் இவ்வாறு தவறியதே உடைவுக்குக் காரணமென்று கண்டு, அந்தப் பகுதியைத் திருத்தி அமைத்தார்கள். கோலின் நடுவில் ஒரு சிறு துணைக்கோலைப் பொருத்தினால் அதன் நீளம் இரண்டாகப் பகுக்கப்படுகிறது. நீளம் பாதியானால் நெளியாமல் தாங்கும் சுமை நான்கு மடங்காகும். உயர்தர வகுப்பு மாணவரும் கணக்கிட்டுப் பார்க்கக்கூடியது இது.

ஆனாலும் விசாரணை அத்துடன் நின்றுவிடவில்லை. டெடிங்டனில் இருந்த பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தார், இறக்கையும் வாற்பகுதியும் வேகத்தில் தாமாகவே ஆடத் தொடங்கினவா என்ற கேள்வியையும் எடுத்துக்கொண்டார்கள். ஃபிரேசரும் டங்கனும் 1928இலேயே அங்கு இதன் கணிதத்தை வகுத்திருந்தனர். நமது சொல் வரவேண்டிய இடம் இதுதான்.

நடப்பது என்னவென்று பார்ப்போம். இறக்கை மேலும் கீழும் வளைகிறது. கூடவே முறுகவும் செய்கிறது. இவ்விரண்டு அசைவும் ஒன்றுக்கொன்று சற்றுப் பிந்தி நிகழும்போது, இறக்கை மேலே போகையில் முறுகலினால் ஏற்றுவிசை கூடுகிறது, கீழே வருகையில் குறைகிறது. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் காற்றோட்டத்திலிருந்து அசைவுக்குள் சக்தி புகுகிறது. ஒரு குறித்த கதிக்குக் கீழே இவ்வாறு புகும் சக்தியைத் தணிப்பு, அதாவது அசைவை அடக்கும் தடை, விழுங்கிவிடும், அதிர்வு அடங்கும். அந்தக் கதியைத் தாண்டினால் விழுங்க முடியாது. சில விநாடிகளில் இறக்கை முறிந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில் லயத்துக் கூரையின் ஆணி கழன்ற தகரம், காற்று ஓரளவுக்கு மேல் வலுத்ததும் திடீரென்று அடித்துக்கொள்ளத் தொடங்கித் தன்னைத் தானே பிய்த்துக்கொள்வது போன்றது இது. காற்று விட்டுவிட்டுத் தள்ளவேண்டியதில்லை. சீராக வீசினாலே போதும்.

இதை வைத்துப் பார்த்தால் படபடப்பு என்பது நெஞ்சுக்கும் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்கும் உரியது. சிறகடிப்பு பறவை தன் விருப்பத்தால் செய்வது. போதாக்குறைக்கு, வாலிலும் சுக்கானிலும் நிகழ்வதை அச்சொல் வெளியே தள்ளிவிடுகிறது. காற்றூட்டதிர்வு பொருளை நெருங்கி வருகிறது, பரிந்துரைத்த தலவாக்கலை ஆசிரியைக்கு நன்றி. ஆனால் மண்ணுக்குக் காற்றூட்டல் என்பது விவசாயப் பாடநூலில் நிலைபெற்ற வழக்கு. தேயிலைத் தோட்டத்தில் வளரும் பிள்ளைக்கு அந்த நினைவுதான் முதலில் வரும்.

வளர்பிறை, தேய்பிறை என்னும் வினைத்தொகைகளின் வழியிற் சென்று "வளரதிர்வு" என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. சிறகு வளரதிர்வு, வால் வளரதிர்வு, சுக்கான் வளரதிர்வு என்று தடங்கலின்றி விரியும். "வளரதிர்வுக் கதி" என்றால், எந்தக் கதியைத் தாண்டக்கூடாது என்பது சொல்லிலேயே விளங்கிவிடும்.

பண்டாரவளையிலிருந்து:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இரண்டு தடைகளைச் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் டகோமா பாலம் 1940 நவம்பர் 7ஆம் திகதி காற்றில் முறுகி வீழ்ந்ததைப் பரிவு என்ற பாடத்தின் கீழேதான் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வருகிறோம். தமிழ்நாட்டார் ஒத்ததிர்வு என்கிறார்கள். பரிவு என்ற சொல் வேரூன்றியிருக்கும்போது புதிய சொல் எதற்கு என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அடுத்தது, வளரதிர்வு என்பதில் காற்றே இல்லை. வேகமெடுத்த வண்டியின் முன்சில்லு உதறத் தொடங்கினால் அதுவும் வளர்கின்ற அதிர்வுதான். விமானத்துக்கு மட்டும் உரிய சொல்லாக இதை எப்படிக் கொள்வது?

இன்னொன்று: 1930 ஜூலை 21ஆம் திகதி இங்கிலாந்தின் மெப்பமில் யுங்கர்ஸ் எஃப் 13 விமானம் வானில் உடைந்து ஆறு பேர் இறந்த விபத்தில், வாற்பகுதியைக் கலங்கிய காற்று அடித்து ஆட்டியதே காரணமென்று விசாரணையாளர் முடிவு செய்தார்களே, அதையும் வளரதிர்வு என்பீர்களா?

அட்டனிலிருந்து:

மதிப்புக்குரிய ஐயா,

பரிவு வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு விசை, பொருளின் இயல்பு மீடிறனுக்கு, அதாவது அது விநாடிக்கு எத்தனை தடவை இயல்பாக ஆடுமோ அதற்கு, ஒத்த மீடிறனில் வந்து தள்ளவேண்டும். டகோமாவில் அன்று காற்று மணிக்கு ஏறக்குறைய 65 கிலோமீற்றர் கதியில் வீசிக்கொண்டிருந்தது. பாலத்தின் முறுகலோடு இசைந்து தள்ளிய புறவிசை எதுவும் அந்தக் காற்றில் இல்லை. பாலத்தின் அசைவே தன்னை வளர்க்கும் விசையைக் காற்றிலிருந்து உண்டாக்கிக்கொண்டது. பிற்காலத்துப் பொறியியலாளர் அதைப் பரிவென்று கூறுவதை மறுத்ததற்கு இதுவே காரணம். பாடநூலில் உள்ள அந்த உதாரணத்தை இடம் மாற்றுவதற்கும் நமது சொல் உதவும் என்றால், அதை ஒரு கூடுதல் பயனாகவே எண்ணுகிறேன்.

இரண்டாவது தடை நியாயமானது. கட்டுரையில் முதன்முறை வரும்போது "காற்றுவளர் அதிர்வு" என்று முழுமையாக எழுதி, பின்னர் வளரதிர்வு என்று சுருக்கலாம். முன்சில்லின் உதறலுக்கு ஓட்டுநர்களின் உதறல் என்ற சொல்லே இருக்கட்டும். அதைவிடச் சிறந்த சொல்லை நாம் உண்டாக்கிவிடப் போவதில்லை.

மெப்பம் விபத்தை வளரதிர்வு என்று சொல்லமாட்டேன். அங்கு இறக்கையிலிருந்து கலங்கிப் பிரிந்த காற்று வாலை வந்து அடிக்கிறது. வால் அசைந்தாலும் அசையாவிட்டாலும் அடி விழும். அதற்கு அலைமோதல் என்ற பழகிய சொல் பொருந்தும். சிகிச்சையும் வேறு. அலைமோதலுக்கு, கலங்கிய காற்று வாலை எட்டாதபடி இறக்கையின் வடிவத்தையோ வாலின் இடத்தையோ மாற்றவேண்டும். வளரதிர்வுக்கு, விறைப்பைக் கூட்டவேண்டும் அல்லது நிறையை இடம் மாற்றவேண்டும். 1916இல் ஹான்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வாலில், விமானத்தின் மூக்கை ஏற்றவும் இறக்கவும் உதவும் இடவல உயர்த்திகள் தனித்தனியே கம்பியால் இயக்கப்பட்டதால் எதிரெதிராக ஆடின. பொறியியலாளர் லான்செஸ்டர் அவ்விரண்டையும் ஒரு விறைப்பான குழாயால் இணைக்கச் சொன்னார். சுக்கானின் பாரம் பிணைச்சலுக்குப் பின்னால் தொங்கினால், அசைவுக்கு அது பிந்தி வந்து சக்தியை உள்ளே விடுகிறது; பிணைச்சலுக்கு முன்னால் ஓர் ஈயக்கட்டியை வைத்தால் அந்தப் பிந்தல் நீங்குகிறது. அந்தக் கட்டிக்கு "எதிர்நிறை" என்று எழுதியிருக்கிறேன்.

இந்தச் சொற்களை வைத்து எழுதிய பகுதி இப்போது இவ்வாறு நிற்கிறது: "கொந்தளிப்பு அடியைத் தொடக்கிவைத்தது, முன்பக்கத் தாங்குகோல் நெருக்கலில் நெளிந்தது. இறக்கையிலோ வாலிலோ காற்றுவளர் அதிர்வு எழுந்ததா என்பதையும் ஆய்வுகூடத்தார் தனியே ஆராய்ந்தனர்." மூன்றையும் ஒரே காரணமாகக் குழப்பாமல் தமிழில் எழுத முடிகிறது என்பதில் எனக்குத் திருப்தி.

தாங்குகோலுக்கு உதைகால் என்ற தச்சர் சொல்லைப் பேராதனைத் தம்பி முன்பு பரிந்துரைத்திருந்தார். உதைகால் எப்போதும் நெருக்கலில் நிற்பது. இந்தக் கோல் பெரும்பாலும் இழுவையில் இருப்பது. ஆகையால் தாங்குகோல் என்றே விடுகிறேன். நடுவில் வரும் சிறு கோலுக்குத் துணைக்கோலா, இடைக்கோலா என்பதை மட்டும் குழுவினர் சொல்லிவிட்டால் அந்தப் பகுதியை அச்சுக்கு அனுப்பிவிடலாம்.