ராம்ப் மட்டும் போதுமா? எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பார்த்தது

வாடிப்பட்டி பக்கம் சின்ன கிராமம் எங்களுது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியோட மேலாண்மைக் குழுவுல இருக்கேன். என் அக்கா மகனுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு, படிப்பு எல்லாம் தெளிவு. கால் மட்டும் நிக்காது. அவனைச் சேர்க்கப் போனப்ப, "மதுரையில இதுக்குன்னு தனிப் பள்ளி இருக்கேப்பா"ன்னு ஊர்ல நாலு பேர் சொன்னாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் பக்கத்துப் பள்ளியிலயே இலவசமாப் படிக்க அவனுக்கு உரிமை இருக்கு. பெரிய டீச்சருக்கு அது தெரியும். மறுபேச்சு இல்லாம சேர்த்துக்கிட்டாங்க.

வீல்சேர் ஏறச் சாய்வாக் கட்டுற ராம்ப் ஏற்கெனவே இருந்துச்சு, கணக்குக்குக் கட்டினது. வகுப்பறைத் தரை ஒன்றரை அடி உயரம், ராம்ப் நீளம் 6 அடி கூட இல்ல. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். அப்போ எங்களுக்கு 18 அடி. அந்தப் பழைய ராம்ப்புல வீல்சேர் இறங்குறப்ப ரெண்டு பேர் இழுத்துப் பிடிக்கணும். கிராம சபையில திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் புதுசு வந்துச்சு. நேரா நீட்ட வேப்பமரம் குறுக்க நின்னதால, நடுவுல சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டினாரு கொத்தனார். கைப்பிடிக் கம்பி ரெண்டு உயரத்துல இருக்கு, பிள்ளைகளுக்குத் தாழ ஒண்ணு.

ஆனா பெரிய விஷயம் கக்கூஸ்தான். மத்தியானம் வரைக்கும் பையன் தண்ணியே குடிக்கல. ஏன்டான்னு கேட்டா, "போகணும்னா யாராச்சும் தூக்கணும்ல மாமா"ங்குறான். மனசு ஆறல எனக்கு. 3 அடி அகலத்துல வெளிப்பக்கம் திறக்குற கதவு, வீல்சேர் திரும்ப உள்ள 5 அடி இடம், உக்கார்ற மாதிரி கோப்பை, பக்கத்துல கம்பி. இவ்வளவும் வந்தப்புறம் அவனே போயிட்டு வர்றான், தண்ணியும் குடிக்கிறான்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு நம்ம மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் பள்ளியிலதான் தொடங்குச்சு. மறுவருசம் எங்க பள்ளிக்கும் வந்துச்சு. விடியமுன்ன மல்லிகை எடுக்கப் போற அக்காவுக்கு அது பெரிய ஒத்தாசை. இவனால சம்மணம் போட முடியாதுன்னு டீச்சர் ஒரு பெஞ்சு போட்டாங்க. இப்ப அந்தப் பெஞ்சுல இடம் பிடிக்கப் பிள்ளைகளுக்குள்ள சண்டை!

இதைப் படிச்சிட்டு மேலூரிலிருந்து ஒருத்தர்: அண்ணே, நான் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவுற வட்டார வள மையத்துல சிறப்பாசிரியை. பார்வைக் குறைவுள்ள பிள்ளைகளையும் நினைச்சுக்கங்க. படி விளிம்புல மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்க, செலவு ரொம்பக் கம்மி. கரும்பலகையில வெயில் பளிச்சுன்னு அடிக்காத இடத்துல உக்கார வைக்கணும். உங்க வட்டார வள மையத்துல இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) எந்தக் கிழமைன்னு கேட்டு, தம்பியை விடாம கூட்டிட்டுப் போங்க.

ஒத்தக்கடையிலிருந்து இன்னொருத்தர்: அஞ்சாவது முடிச்சா எங்க போவான்? பள்ளி தூரமானா முதல்ல படிப்பை விட்டு நிக்கிறது இந்த மாதிரிப் பிள்ளைகதான். கொடிக்குளம் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகணும்னுதான் வங்கி ஊழியரான ஆயி பூரணம் அம்மா 2024 ஜனவரியில 1.52 ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுத்தாங்க. பள்ளி வளர்ந்தாத்தான் பிள்ளை அங்கயே இருக்கும்.

வாடிப்பட்டிக்காரர்: அதே கவலைதாங்க எனக்கும். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில ஆறாம் வகுப்பு மாடியில இருக்கு. கீழ மாத்தச் சொல்லி இப்பவே மனு கொடுத்திருக்கோம். அவன் இன்னும் மூணாவதுதான், ஆனா இந்த வேலையெல்லாம் நடக்க எவ்வளவு நாளாகும்னு பார்த்தாச்சே.