எத்தனை தானியங்கி இசைக்கருவிகள் மிச்சமிருக்கின்றன? கணக்கிட உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. லைப்சிக் நகரின் ஹூப்ஃபெல்ட் நிறுவனம் செய்த ஃபோனோலிஸ்ட் வயோலினா, சிகாகோவின் மில்ஸ் நிறுவனம் செய்த வயோலானோ போன்ற, வயலினைத் தானே வாசிக்கும் பழைய கருவிகளில் இன்று எத்தனை மிச்சமிருக்கும் என்று கணக்கிட்டு வருகிறேன். வயோலினாவைப் பார்த்தவர்களுக்கு மறக்காது: நிமிர்த்தி வைத்த மூன்று வயலின்களைச் சுற்றி வட்டமான ஒரே வில் சுழலும், காகிதச் சுருளின் துளைகள் சொல்கிறபடி ஒவ்வொரு வயலினும் முன்னே வந்து அதில் உரசும்.

நான் நம்புவது மிச்சமிருக்கும் கருவிகளின் இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் முறையை. ஒன்றில் 80, மற்றதில் 60, இரண்டிலும் இருப்பவை 40 என்றால், 80 × 60 ÷ 40, அதாவது மொத்தம் சுமார் 120. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் தயாரானவையாக இருக்க வேண்டும். பெரிய சேகரிப்புகளில் உள்ளவை எல்லாப் பட்டியலிலும் வந்துவிடுகின்றன; வீட்டு மூலையில் கிடப்பவை எதிலும் வருவதில்லை. அதனால் விடை உண்மையைவிடக் குறைவாகவே வரும். இதை எப்படிச் சரிக்கட்டுவது? புள்ளியியல் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

இன்னொரு பெரிய தலைவலி, ஒரே கருவியை இருமுறை எண்ணிவிடுவது. கைமாறும்போது மெருகும் கண்ணாடியும் மாறிவிடும், புகைப்படத்தை வைத்து அடையாளம் காண முடியாது. ஒன்றின் பெட்டிக்குள் வேறொன்றின் இயந்திரம் இருப்பதும் உண்டு. அப்போது எதை ஒரு கருவி என்று எண்ணுவீர்கள்? இயந்திரத்தையே எண்ணலாம் என்பது என் எண்ணம்.

உங்களிடமோ தெரிந்தவர்களிடமோ இப்படி ஒன்று இருந்தால், பெட்டியிலும் இயந்திரத்திலும் உள்ள சீரியல் நம்பர்களைத் தனித்தனியாக அனுப்புங்கள். உரிமையாளர் பெயரோ முகவரியோ வேண்டாம். ஓடாமல் உடைந்து கிடந்தாலும் பரவாயில்லை, அதுவும் கணக்கில் சேரும். பழைய ஏலப் பட்டியல்கள் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாலும் பேருதவி.