தார்பார்க்கர் மகேஷ் மலானி: ரிசர்வ் சீட்டுன்னா நம்ம நீலகிரி தனித் தொகுதி மாதிரிதானா?

லயத்துப்பொண்ணு, பந்தலூர்

எல்லாருக்கும் வணக்கம். கரன்ட் போயி போயி வருது, அதனால ஒரே மூச்சுல டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க. குரூப் 2-க்கு படிக்கிறேன். பக்கத்து நாட்டு தேர்தல் பத்தி நோட்ஸ் எடுக்கும்போது மகேஷ் குமார் மலானின்னு ஒருத்தர் பேரு வந்துச்சு. பாகிஸ்தான்ல 2018 ஜூலை 25 தேர்தல்ல சிந்து மாகாணம் தார்பார்க்கர் என்ஏ-222 தொகுதியில ஜெயிச்ச இந்து, பூட்டோ குடும்பத்தோட பாகிஸ்தான் மக்கள் கட்சி, பொதுத் தொகுதியில ஜெயிச்சது பெரிய விஷயம்னு போட்டிருக்கு. ஆனா அவரு அதுக்கு முன்னாடியே ரிசர்வ் சீட்டுல பார்லிமென்டுக்கு போனவராம். அப்ப இதுல என்ன புதுசு? நம்ம நீலகிரியும் 2009-லருந்து தனித் தொகுதிதான, ராசா ஜெயிக்கிறாரு, 2014-ல கோபாலகிருஷ்ணன் ஜெயிச்சாரு, அத யாரும் ஒரு படி கீழன்னு சொல்றதில்லயே.

எங்க அம்மாயிக்கு இத படிச்சு காட்டினேன். எல்லாம் கேட்டுட்டு "அவுங்களுக்கும் நடுவுல ஓட்டு இல்லாம போச்சா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு பதில் சொல்ல தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர் வாத்தியார்

நல்ல கேள்விம்மா. உன் கொழப்பமே "தனி"ங்கற வார்த்தையில இருக்கு.

நீலகிரில நிக்கிறவர் பட்டியல் சாதியா இருக்கணும், அவ்ளோதான் விதி. ஓட்டு போடுறது எல்லாரும். குன்னூர், ஊட்டி, கூடலூர்ல இருந்து கீழ மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் வரைக்கும் எல்லா சனமும். படகர் ஊரான ஹட்டி ஹட்டியா ஏறி எறங்காம, எஸ்டேட் லைன்ல வந்து நிக்காம இங்க யாரும் ஜெயிக்க முடியாது. 1932 பூனா ஒப்பந்தத்துக்கு அப்புறம் நமக்கு வந்த முறை இது.

பாகிஸ்தான்ல ரிசர்வ் சீட்டுக்கு தொகுதியே கெடையாது. தேசிய சபையில (நம்ம லோக்சபா மாதிரி, என்ஏன்னா அதுதான்) முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 10 சீட்டு. பொதுத் தொகுதியில எந்தக் கட்சி எத்தன ஜெயிச்சுதோ அந்த விகிதத்துல கட்சிக்கு பிரிச்சு குடுப்பாங்க, கட்சி முன்னாடியே குடுத்து வெச்ச பட்டியல்ல இருந்து வரிசையா பேரு எடுத்துப்பாங்க. அந்த எம்பிக்குன்னு யாரும் ஒரு ஓட்டு கூட போடல. அவரு யாருக்கு கடமைப்பட்டவரு? பட்டியல்ல பேரு எழுதுன தலைவருக்குத்தான். மலானி மொதல்ல உள்ள போனது அந்த வழியில.

அம்மாயி கேட்டதுதான் இதுல முக்கியமான எடம். ராணுவ ஆட்சி நடத்துன ஜியா உல் ஹக் காலத்துல 1985-ல தனி வாக்காளர் முறை வந்துச்சு. முஸ்லிம்கள் முஸ்லிம் வேட்பாளருக்கு மட்டும், இந்துக்கள் இந்து வேட்பாளருக்கு மட்டும். இந்து வேட்பாளருக்கு தொகுதி எதுன்னா நாடு முழுக்க! 85, 88, 90, 93, 97 அஞ்சு தேர்தல் இப்படியே நடந்துச்சு. தார்பார்க்கர் மாவட்டத்துல நூத்துக்கு 43 பேர் இந்து. அந்த ஊர் எம்பிக்கு அவங்க ஓட்டு போடவே முடியாதுன்னா அவரு எதுக்கு அந்த கிராமத்து பக்கம் வரப்போறாரு? தண்ணி இல்ல, ரோடு இல்லன்னு யார்கிட்ட போய் நிக்கிறது? ஓட்டு இருந்துச்சும்மா, ஆனா சொந்த ஊர்ல செல்லாது. இன்னொரு ராணுவ ஆட்சியாளர் முஷாரஃப் காலத்துல 2002-ல தான் அத எடுத்தாங்க. அதுலயும் பாகிஸ்தான் சட்டம் முஸ்லிம்னு ஏத்துக்காத அகமதியா பிரிவுக்காரங்களுக்கு மட்டும் இன்னும் தனி வாக்காளர் பட்டியல்.

2013-ல மலானி சிந்து சட்டமன்றத்துக்கு தார்பார்க்கர் பொதுத் தொகுதியில நின்னு ஜெயிச்சாரு. 2018-ல தேசிய சபை. 2002-ல உரிமை திரும்பி வந்து 16 வருஷம் கழிச்சு, பொதுத் தொகுதி வழியா அந்த சபைக்குள்ள போன முதல் இந்து. வாங்குன ஓட்டு 1,06,630. எதிர்த்து நின்ன அர்பாப் ஜகாவுல்லா 87,251.

கோத்தகிரிக்காரன்

வாத்தியார் சொல்ற முறை விளக்கம் எல்லாம் சரிங்க, ஆனா ஒரு ஆளோட வெற்றியா இத ரொம்ப தூக்கி வெக்க வேணாம்னு தோணுது. சிந்து கிராமப்புறம் பூட்டோ குடும்பத்து கட்சி கோட்டை, அங்க அம்பு சின்னத்துல யார நிறுத்துனாலும் விழும். பக்கத்து என்ஏ-221-லயும் அதே கட்சிதான், ஷா மஹ்மூத் குரேஷி மாதிரி பெரிய தலையவே தோக்கடிச்சாங்க.

குன்னூர் வாத்தியார்

தம்பி, கட்சி பலம் இல்லாம ஜெயிக்க முடியாதுங்கறது உண்மை. ஆனா தார்பார்க்கர்ல எதிர்ல நின்னது சும்மா ஆளு இல்ல. அர்பாப் குடும்பம் அந்த மண்ணுல தலைமுறையா செல்வாக்கானவங்க, அர்பாப் குலாம் ரஹீம் 2004-லருந்து 2007 வரைக்கும் சிந்து முதலமைச்சராவே இருந்தவரு. அந்தக் குடும்பத்து ஆளுக்கு எதிரா ஒரு இந்துவ நிறுத்துறோம், முஸ்லிம் ஓட்டும் விழும்னு கட்சி நம்புச்சே, அத பாருங்க. ஒரு லட்சம் ஓட்டு இந்து ஓட்டு மட்டுமா இருக்குமா? 2024 பிப்ரவரி 8 தேர்தல்ல தொகுதி நம்பர் என்ஏ-215-னு மாறுச்சு, அப்பவும் மலானிதான் வந்தாரு. ஒரு தடவைன்னா அலைன்னு விட்டுடலாம்.

தேவாலா மழை

நடுவுல ஒண்ணு சொல்லிக்கறேன். தார் இந்துக்கள்னா ஒரே கூட்டம் இல்ல. மேக்வார், கோலி, பீல் இவங்கதான் அங்க பெரும்பகுதி, நெலம் இல்லாம பண்ணையார் கிட்ட கடன்பட்டு கூலி வேல பாக்குறவங்க. ரிசர்வ் சீட்டு எல்லாம் வசதியானவங்களுக்கே போகுதுன்னு அவங்களுக்கு ரொம்ப நாள் வருத்தம், நியாயமான வருத்தம்னுதான் நான் சொல்வேன். அதனால என் நோட்டுல மலானிக்கு பக்கத்துல கிருஷ்ண குமாரி கோலி பேரையும் எழுதி வெச்சிருக்கேன். நகர்பார்க்கர் பக்கத்துப் பொண்ணு. சின்ன வயசுல குடும்பத்தோட ஒரு பண்ணையார் கிட்ட கொத்தடிமையா ஏறத்தாழ மூணு வருஷம் அடைபட்டு கெடந்தவங்க, 16 வயசுல கல்யாணம், அதுக்கப்புறமும் படிச்சு சமூகவியல்ல எம்ஏ முடிச்சாங்க. 2018 மார்ச்ல செனட்டர், அதாவது பாகிஸ்தான் மேல்சபை உறுப்பினர். அது சிந்து சட்டமன்ற உறுப்பினர்கள் போட்ட ஓட்டுல பெண்கள் ரிசர்வ் சீட்டுல வந்தது, வாத்தியார் சொன்ன கணக்குல பாத்தா நேரடி வெற்றி இல்லதான். ஆனா அந்த வீட்டுப் புள்ளைக்கு வேற எந்த கதவு தெறந்திருக்கும் சொல்லுங்க? கோலி பொண்ணு ஒருத்தி பொதுத் தொகுதியில நின்னு ஓட்டு எண்ணி ஜெயிக்கிற நாள நான் பாக்கணும்.

லயத்துப்பொண்ணு, பந்தலூர்

வாத்தியார் சார், மழை அக்கா, கோத்தகிரி அண்ணா எல்லாருக்கும் நன்றி. பதில அப்படியே அம்மாயிக்கு படிச்சு காட்டினேன்.

ஏன் அது அந்தக் கேள்விய கேட்டுச்சுன்னு இப்பதான் முழுசா சொல்லுச்சு. சிலோன்ல 1947 தேர்தல்ல தோட்டத்து சனம் ஓட்டு போட்டு இலங்கை இந்திய காங்கிரஸ்னு தோட்டத்து சனத்தோட கட்சிக்காரங்க 7 பேரு பார்லிமென்டுக்கு போனாங்களாம், நுவரெலியாவுல அவங்க தலைவர் தொண்டமான். நானும் தேடிப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு. அடுத்த வருஷமே குடியுரிமை சட்டம் வந்து, 49-ல ஓட்டும் போயி, 52 தேர்தல்ல மலையகத்துல இருந்து ஒருத்தர் கூட போகல. தொண்டமான் திரும்ப ஓட்டுல ஜெயிச்சது 1977-ல தான். எங்க அம்மாயி பொறந்ததுலருந்து அங்க நாடு இல்லாத ஆளு. தோட்டத்து சனத்துல ஒரு பகுதிய இந்தியா ஏத்துக்கிட்ட சாஸ்திரி ஒப்பந்தத்துல பேரு வந்து தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் இங்க டேன்டீல (தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம்) கொழுந்து பறிக்கிற வேல. மொத ஓட்டு போடும்போது அதுக்கு முப்பது வயசுக்கு மேல. கொழுந்து கறை படிஞ்ச விரல்ல மை ஒட்டுமான்னு பயந்துகிட்டே நின்னுச்சாம்.

தார்பார்க்கர்ல பொம்பளைங்க ஓட்டு போட போவாங்களான்னு கேட்டுச்சு. 2018-ல பாகிஸ்தான்லயே பெண்கள் ரொம்ப அதிகமா ஓட்டு போட்ட எடங்கள்ல அதுவும் ஒண்ணுன்னு படிச்சத சொன்னேன். "வெயில்லயா?"ன்னுச்சு. ஆமா அம்மாயி, பாலைவனம், ஜூலை மாசம்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அந்த ஊரு பேர இன்னொரு தடவ சொல்ல சொல்லுச்சு.